ஒரு ரூபாய் கம்பெனி

ஜூன் 5, புதன்

நாட்குறிப்பு எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. "மனசுல இருக்கறத யார்கிட்டயாவது கொட்டுங்க, இல்ல எழுதுங்க" என்றார். கொட்டினால் கேட்கிறவர் பாவம். அதனால் எழுதுகிறேன்.

காலையில் முகப்பேரில் ஒரு அடுக்ககத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மாமி, இரண்டு பை காய்கறி. பதினொரு நிமிடத்தில் எங்கள் ஆள் போய் இறக்கிவிட்டார். மாமி நன்றி சொல்லவில்லை. தக்காளி நசுங்கியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டாராம்.

இதுதான் எங்கள் தொழில். கம்பெனியின் பெயர் ஏற்றம். பழைய கட்டிடங்களின் லிஃப்டில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவோம். எந்தப் பாகம் எப்போது கெடும் என்று அது முன்கூட்டியே சொல்லும், நாங்கள் போய்ச் சரிசெய்வோம். நானும் இர்ஃபானும் அம்பத்தூரில் ஆரம்பித்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து பிறகு இன்ஜினியரிங் படித்தவன். இரும்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தே அதற்கு எத்தனை மாத ஆயுள் என்று சொல்வான். நான் கணக்கு, பேச்சு, சண்டை. இப்போது அறுபத்தொரு பேர் இருக்கிறோம்.

நாளை முதலீட்டாளர் கூட்டம். நெடுவழி கேப்பிட்டல் என்கிற நிறுவனம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் எட்டுக் கோடி போட்டு, எங்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கை வாங்கியது. இதுவரை நஷ்டக் கணக்கோடு தலையைக் குனிந்துகொண்டு போனேன். இந்த வருஷம்தான் முதன்முதலாக முழு வருஷ லாபம். பட்டுப்புடவை கட்டலாமா என்று பார்த்தேன். ரொம்ப அலட்டலாக இருக்கும். கைத்தறி போதும்.

ஜூன் 6, வியாழன்

போய் வந்தாகிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

நெடுவழியின் பங்குதாரர் ஸ்ரீவத்சன் எப்போதும் மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் குடைவார். இன்று இருபதே நிமிடம். லேப்டாப்பைக்கூடத் திறக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. லாபத்தைச் சொன்னேன், தலையாட்டினார். கடைசியில் கைகுலுக்கிவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நிதானமா போறீங்க, தாட்சாயணி."

பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் என்னை அவசரக்குடுக்கை என்றார்கள். மாமியாரும் அதையேதான் சொல்கிறார். நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் என்னை நிதானம் என்கிறார்! அதுவும் எட்டுக் கோடி போட்டவர்.

லிஃப்ட் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு ஏது? குலுங்காமல் ஏறி, குலுங்காமல் இறங்க வேண்டும். 'நிதானம்' என்று எட்டடி பேனருக்குச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பேனர் வந்தது. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 14, வெள்ளி

புனேயில் லிஃப்ட் தயாரிக்கிற பெரிய கம்பெனி ஒன்று எங்களை மொத்தமாக வாங்கக் கேட்டிருக்கிறது. அறுபது கோடி. எல்லாரையும் வேலையில் வைத்துக்கொள்வார்களாம். எல்லாருக்கும் விபத்துக் காப்பீடு, மூன்று மாதப் பயிற்சி. ஜூலை கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

இர்ஃபான் கடிதத்தைப் படித்துவிட்டுக் காப்பீடு என்கிற வரியில் விரலை வைத்துக்கொண்டான். போன வருஷம் எங்கள் பரந்தாமன் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டில் இரண்டு மாடி விழுந்து இடுப்பு முறிந்தார். அன்றிலிருந்து போன் அடித்தாலே இவன் எழுந்து நின்றுவிடுகிறான்.

"அக்கா, இது நமக்குக் கிடைக்குமா? நிஜமாவா?" என்றான்.

எனக்கு விற்க ஆசையெல்லாம் இல்லை. கேட்டார்கள், யோசிக்கிறோம், அவ்வளவுதான். சும்மா ஏற்காட்டில் வாடகைக்கு வீடு என்ன விலை என்று பார்த்தேன். சும்மாதான்.

நெடுவழிக்கு இருபத்தோரு கோடி போகும். எட்டு போட்டு இருபத்தொன்று. எந்த பேங்கில் கிடைக்கும் இது? ஸ்ரீவத்சன் துள்ளிக் குதிக்கப்போகிறார்.

ஜூன் 17, திங்கள்

குதிக்கவில்லை. "ஓ... சரி. அவசரப்பட்டு பதில் எதுவும் குடுத்துடாதீங்க" என்று போனை வைத்துவிட்டார். கூட்டத்தில் இருந்திருப்பார்.

வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்குகிறது. லிஃப்டைச் சரிசெய்ய ஆள் இருக்கிறது, இதற்கு இல்லை.

ஜூன் 20, வியாழன்

கோபம் தலைக்கேறியிருக்கிறது. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

காலை பத்தரைக்கு நெடுவழி ஆபீஸிலிருந்து ஒரு மெயில். அனுப்பியது சகாயமேரி. அந்த ஆபீஸின் நிர்வாகமெல்லாம் அவர் கையில்தான். திறந்தால், 'மதிப்பிற்குரிய திரு. தட்சிணாமூர்த்தி' என்று ஆரம்பிக்கிறது. நெடுவழியிடம் பணம் கொடுத்து வைத்திருக்கிற பெரிய மனிதர்களுக்கு வருஷா வருஷம் போகிற கடிதம் அது. ஆங்கிலத்தில் அவர் பெயருக்கும் என் பெயருக்கும் முதல் ஐந்து எழுத்து ஒன்று. சகாயமேரி அந்த ஐந்தை அடித்திருக்கிறார், கம்ப்யூட்டர் மீதிக்கு என்னைப் போட்டுவிட்டது.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

மொத்தம் இருபத்துநாலு கம்பெனி. பதினாலு மூடியாகிவிட்டது. இரண்டு பறக்கின்றனவாம், அவற்றுக்கு மட்டும் நாலு பக்கம், கலர் படம். மீதி எட்டு கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். ஐந்தாவதாக நாங்கள்.

ஏற்றம். போட்டது: எட்டுக் கோடி. இன்றைய மதிப்பு: ஒரு ரூபாய்.

சைபர்கள் விட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய்தான். கீழே குறிப்பு: மூன்று வருஷமாகவே அப்படித்தான் இருக்கிறதாம்.

மூன்று வருஷம்! இந்த மூன்று வருஷமும் அந்த ஆபீஸில் உட்கார்ந்து அவர் கொடுத்த பாதாம் பாலைக் குடித்திருக்கிறேன். லாபத்தில் நடக்கிற கம்பெனி. ஒரு ரூபாய்க்கு இப்போது தீப்பெட்டிகூட வராது.

ஜூன் 21, வெள்ளி

சகாயமேரியைக் கூப்பிட்டேன். நேற்றே தவறு தெரிந்து, தட்சிணாமூர்த்திக்கு மறுபடி அனுப்பலாமா, ஸ்ரீவத்சனிடம் சொல்லிவிடலாமா என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"மேடம், அத டெலிட் பண்ணிடுங்க மேடம். சார்க்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். ஒம்போது வருஷமா இருக்கேன். பையன் கடைசி வருஷம் படிக்கிறான்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேரி. சத்தியம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. லாபத்துல ஓடற கம்பெனி எப்படி ஒரு ரூபா ஆகும்?"

மேரி குரலைத் தாழ்த்தினார்.

"நஷ்டத்துல இருந்தப்ப எழுதினது, மாத்தல. இந்த வருஷத்துலேர்ந்து நீங்க நிதானம் லிஸ்ட் மேடம்."

"அப்படின்னா?"

"எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்க. சாகவும் இல்ல, பறக்கவும் இல்ல. அதுக்கு மேல சார் டைம் செலவு பண்ண மாட்டார். எல்லாருக்கும் இருபது நிமிஷம், ஒரு பாதாம் பால். போகும்போது 'நிதானமா போறீங்க'ன்னு சொல்லி அனுப்பிடுவார். எட்டுப் பேர்கிட்டயும் அதான் சொல்லுவார் மேடம்."

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே எட்டடியில் அந்த பேனர்.

ஜூன் 22, சனி

பேனரைக் கழற்றச் சொன்னேன். இர்ஃபான் ஏன் என்றான். தூசி என்றேன்.

ஜூன் 26, புதன்

ஸ்ரீவத்சன் வரச் சொன்னார், போனேன். கெட்டவர் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"புனேக்கு விக்க நாங்க சம்மதிக்க முடியாது, தாட்சாயணி."

"எட்டு போட்டு இருபத்தொண்ணு வருது. ரெண்டரை மடங்குக்கு மேல. உங்களுக்கு வேணாமா?"

"வெளியில இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். எங்க ஃபண்டு எரநூறு கோடி. அறநூறா திருப்பித் தரேன்னு சொல்லி வாங்கினது. பதினாலு கம்பெனி சுத்தமா போச்சு. அந்தப் பதினாலோட நஷ்டத்தையும் சேத்து சம்பாதிக்கறது ஒண்ணோ ரெண்டோதான். அது நூறு மடங்கு வளரணும். உங்க இருபத்தொண்ணை அதுல போட்டா எந்த மூலைக்கு? எங்களுக்கு ரெண்டரை மடங்கும் பூஜ்யமும் ஒண்ணுதான்."

அறுநூறில் இருபத்தொன்றை மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன், நூற்றுக்கு மூன்றரை.  

பிறகு திட்டத்தைச் சொன்னார். வாடிக்கையாளர்கள் கட்டிய முன்பணத்தையும் சேர்த்து எங்கள் கையில் இருக்கிற ஏழு கோடியையும் ஒன்பது மாதத்தில் செலவழிக்க வேண்டும். பன்னிரண்டு நகரம். முதல் வருஷம் எல்லாருக்கும் இலவசம். ஜெயித்தால் நாங்கள் மூன்றாவது பறக்கிற கம்பெனி. ஃபண்டு முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அவருக்கு இன்னொன்று பறந்தாக வேண்டும்.

"ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"பத்துல ஒண்ணு இருக்கும். அது போதும்."

"மத்த ஒம்போது? தோத்துட்டா?"

"ஏற்கெனவே உங்கள ஒரு ரூபாய்னு எழுதியாச்சு. விழுந்தா எங்களுக்கு நஷ்டம் ஒரு ரூபாதான்."

இதைச் சிரித்தபடி சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்சம் அதிர்ச்சியானது போல நடிக்க வேண்டியிருந்தது. நடிக்கத் தேவையே இல்லாமல் முகம் தானாக வெளிறிப்போனது.

"அறுபத்தொரு பேர் இருக்காங்க" என்றேன்.

"அதுக்குத்தான் நாங்க இருபத்துநாலு கம்பெனி வெச்சிருக்கோம். ஒவ்வொண்ணையா பாத்து வருத்தப்பட்டா இந்தத் தொழில் பண்ண முடியாது."

ஜூலை 20-க்குள் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒத்துக்கொள்கிற ஒரு சி.இ.ஓ.வை அவர்களே கொண்டுவருவார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம். பாதாம் பால் வந்தது. தொடவில்லை.

ஜூன் 27, வியாழன்

இர்ஃபானிடம் சொன்னேன். மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன்.

"பன்னெண்டு ஊரா? ஒம்போது மாசத்துலயா? ஆளுக்கு எங்கக்கா போறது? மூணு மாசம் கத்துக்குடுக்காம நான் ஒருத்தனையும் ஷாஃப்டுல இறக்க மாட்டேன். பரந்தாமன் அண்ணன் பதினாறு வருஷம் சர்வீஸ், அவரே விழுந்தாரு."

"நீ மாட்டேன்னு சொன்னா, சரின்னு சொல்ற ஆளைக் கொண்டுவருவாங்க."

"நம்ம கம்பெனிய விக்க அவங்க சம்மதம் எதுக்கு? நம்மகிட்டதானே அறுபத்தஞ்சு இருக்கு?"

ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தோராம் பக்கம்: நெடுவழி சம்மதிக்காமல் கம்பெனியை விற்க முடியாது. படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அன்னைக்கு இந்தப் பக்கம் என்னன்னு கேட்டேனேக்கா. எல்லாரும் போடறதுதான், சாதாரண விஷயம்னு சொன்னீங்களே."

சொன்னேன். அன்று கையெழுத்துப் போட நெடுவழியின் கிண்டி ஆபீஸுக்குப் போகிற வழியில் காரில் புரட்டினேன். எல்லாவற்றையும் ஒரு மனுஷி எப்படிப் படிக்க முடியும்? எண்பத்தெட்டுப் பக்கம். அவன் திட்டவில்லை. வேலை இருக்கிறது என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

ஜூன் 29, சனி

ஒரு யோசனை.

அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர் கைக்கு அது இன்னும் போயிருக்காது. நெடுவழி எங்களை அளக்கிறது. நெடுவழியை அளக்கிறவர் இந்தத் தட்சிணாமூர்த்தி. கோயம்புத்தூரில் நூல் மில் வைத்திருக்கிறவர். தன் பணத்தை வைத்துக்கொண்டு இருபத்தோரு கோடியை வேண்டாம் என்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமா?

'தவறுதலாக எனக்கு வந்தது. உரியவருக்கு அனுப்புகிறேன்' என்று எழுதி, அந்த மெயிலை அப்படியே அவருக்கு அனுப்பினேன். கூடவே புனே கம்பெனியின் கடிதத்தையும் வைத்தேன். ஒரு பொய் இல்லை. உரியவருக்கு உரிய கடிதம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கேஸ் புக் செய்தேன். வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்தார், எலி ஒயரைக் கடித்திருக்கிறதாம், ஆயிரத்து இருநூறு பிடுங்கிக்கொண்டார்.

ஜூலை 2, செவ்வாய்

தட்சிணாமூர்த்தியே கூப்பிட்டார். பெரியவர். குரலில் அடக்கிவைத்த கொதிப்பு.

"அம்மணி, நீங்க அனுப்புனது பாத்தனுங்க. புனேக்காரங்க கடுதாசி நெசந்தானுங்களா?"

"நெசம்தாங்க சார். அவங்க போன் நம்பர் தரேன், நீங்களே கேக்கலாம்."

"கேட்டுப்போட்டுத்தான் உங்களக் கூப்புடறேன். ஏழு வருசத்துக்கு முன்னால பத்துக் கோடி குடுத்தனுங்க. வருசா வருசம் படம் போட்டு அனுப்பறாங்க, அது பறக்குது, இது பறக்குதுன்னு. காயிதத்துல அஞ்சு மடங்குங்க. கைக்கு வந்தது நூத்துக்குப் பதினொண்ணு. கையில வாரத வேண்டாங்கறதுக்கு அந்தத் தம்பி யாருங்க?"

இவ்வளவு பெரிய மனிதருக்கும் எனக்குச் சொன்னது போலத்தான் இனிக்க இனிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு அடுத்த அதிர்ச்சி. அவருக்கும் பாதாம் பால் கொடுத்திருப்பார்கள்.

"அடுத்த ஃபண்டுக்குப் பெரிய பணம் போட்ட எங்க ஏழு பேர்த்துகிட்டதான வரோணும். நான் பேசிக்கறனுங்க அம்மணி" என்று வைத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

தகவல் இல்லை. சகாயமேரி நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். அண்ணா நகரில் இரண்டு லிஃப்ட் நின்று ஒரே ரகளை, எடுக்க முடியவில்லை.

ஜூலை 11, வியாழன்

மேரி இன்றும் கூப்பிட்டார். நாளைக்குப் பேச வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

சம்மதித்துவிட்டார்கள்! இரண்டே வரி மெயில். விற்பனைக்கு ஆட்சேபணை இல்லை. நன்றி.

இர்ஃபானிடம் காட்டினேன். அவன் மூன்று முறை படித்தான். பிறகு கீழே போய், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரையும் நிறுத்திச் சொன்னான். பரந்தாமன் ஊன்றுகோலோடு ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்க்ரூ எண்ணிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார், நான் போய்ப் பிடித்து உட்காரவைத்தேன். "எனக்கும் காப்பீடு உண்டாங்க?" என்றார். உண்டு என்றேன். அழுதுவிட்டேன். அங்கேயே, எல்லாருக்கும் முன்னால்.

ஜூலை 19, வெள்ளி

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நெடுவழி ஆபீஸில்தான். இந்த முறை இர்ஃபான் எல்லாப் பக்கத்தையும் படித்தான். இரண்டே கால் மணி நேரம். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை, நானும்தான்.

ஸ்ரீவத்சனுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. மரியாதையாகப் பேசினார், முதல்முறையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார். பேப்பரை எடுத்துவந்தது ஒரு புதுப் பையன்.

"மேரி லீவா?" என்று இர்ஃபான் கேட்டான். அவனுக்கு மெயில் கதை எதுவும் தெரியாது.

"எட்டாம் தேதியே வேலையிலேர்ந்து அனுப்பிட்டோம். ரகசியமான கடிதம் வெளியாள் கைக்குப் போயிருக்கு. ஒம்போது வருஷம் இருந்தவங்க. கஷ்டமாத்தான் இருந்தது" என்றார் ஸ்ரீவத்சன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை. தன் தொழிலையே செய்கிற இன்னொருவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் இர்ஃபானைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, படிக்கட்டில் நின்று மேரியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேரி, எங்க கம்பெனியிலயே உங்களுக்கு வேலை இருக்கு. புனேக்காரங்ககிட்ட நான் பேசறேன். திங்கக்கிழமையே வாங்க."

"வேணாம் மேடம்."

"பையன் படிப்பு..."

"அத நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் அத்தன தடவை கூப்ட்டேன். அத அனுப்பும்போது என் பேரு அதுல இருக்குமேன்னு தோணலையா மேடம்? மறந்துட்டீங்களா?"

"சத்தியமா தோணல மேரி. இருந்த பதட்டத்துல மறந்தே போச்சு."

"அப்ப சரி மேடம்" என்றார். நிம்மதியான குரல். "தெரிஞ்சே செஞ்சீங்களோன்னுதான் பத்து நாளா தூக்கமில்ல. மறதின்னா பரவால்ல, எல்லாருக்கும் வர்றதுதான்." வைத்துவிட்டார்.

மறக்கவில்லை. அன்றைக்கு அனுப்புவதற்கு முன்னால் மெயிலின் தலைப்பில் அவர் பெயரைப் பார்த்தேன். அழித்துவிட்டு, கடிதத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம். அழித்தால் நான் திருடியது போல இருக்கும், பெரியவர் நம்ப மாட்டார் என்று தோன்றியது. இந்தப் பக்கம் அறுபத்தொரு பேர், அந்தப் பக்கம் ஒருவர். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது, அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. 29-ஆம் தேதிப் பக்கத்தில் கேஸ் புக் செய்ததை எழுதியிருக்கிறேன், இதை எழுதவில்லை.